அம்மா விடைபெற்ற ஞாயிறு

என் அம்மா ரொறன்ரோவில் மெனோனைட் என்ற ஒரு கிறிஸ்தவ சபையிடமிருந்து முறைப்படி விடைபெற்றவர். சபைக்கு நடுவில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, கண்கலங்கிச் சொல்லிவிட்டுத்தான் விடைபெற்றார். இந்தச் சங்கதி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சபைக்குத்தான் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஏழு. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில் இருந்தோம். அப்பா எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டவர். நாங்கள் வந்து இறங்கியபோது வீட்டில் கட்டில்கள் இருந்தன, எங்கள் அளவுக்குக் குளிர்ச் சட்டைகள் இருந்தன, சோறு காய்ச்சப் பானைகூட இருந்தது. எல்லாம் அந்தச் சபைக்காரர் கொண்டுவந்து வைத்தவை. பதிலுக்கு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தேவாலயத்துக்கு வாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கமுடியாமல் போனது.

"கேளாமல் தந்த சனம். ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வருவம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒருக்காப் போனது ஒரு வருடமாயிற்று.

நாங்கள் சைவக்காரர். அம்மா திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். அங்கே யாரும் அதை ஒருமாதிரியாகப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு இருந்த சங்கடம் வேறு. அந்த மண்டபத்தில் கும்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை. படமில்லை, சிலையில்லை, விளக்குமில்லை, வெறும் சுவர். சில கிழமைகள் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கிழக்குப் பக்கத்து யன்னலைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கினார்.

அவர்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல், நாலு விதமான குரலில், ஒரே நேரத்தில் பாடுவார்கள். பாட்டின் வரிகள் சுவரில் வெளிச்சத்தில் தெரியும். மேலே இங்கிலீஷ், கீழே ஸ்பானிஷ், அதற்கும் கீழே லாவோஸ்காரருடைய எழுத்து. அந்தச் சுருள் எழுத்தைப் பார்த்துவிட்டு அம்மா முதல்நாள், "எங்கட எழுத்து மாதிரியெல்லே கிடக்கு, வாசிக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார்.

பிரசங்கம் முடிந்ததும் சந்தோஷங்களையும் கவலைகளையும் சொல்லும் நேரம் வரும். யாரும் எழுந்து தங்கள் மொழியில் சொல்லலாம். அதை ஒருவர் இங்கிலீஷில் சொல்வார். பிறகு எல்சல்வடோர் அன்ரி ஒருவர் ஸ்பானிஷிலும், ஒரு லாவோஸ் அங்கிள் தங்கள் மொழியிலும் சொல்வார்கள். ஒருவருடைய பல்வலி எல்லா மொழியிலும் வலித்து முடியக் கால்மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்காக எல்லாரும் பிரார்த்திப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. கீழே நிலவறையில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு சாப்பாடு கொண்டுவருவார்கள். அந்த அறையின் மூலையில் ஒரு மேசைப்பந்து மேசை இருந்தது. எல்சல்வடோர் அன்ரியின் மகன் என் வயதுக்காரன், எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பான். நான் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை. அவனோடு விளையாட வாய் தேவைப்படவில்லை. அம்மா என்னைத் தனியாக லிஃப்டில் இறங்க விடமாட்டார். அதனால் ஒரு கிழமையில் நான் ஓடித் திரிந்தது அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும்தான்.

அம்மா அந்த நேரம் கதிரையில் இருப்பார். சாப்பிட்ட பீங்கானோடு எழும்பினால் யாராவது ஓடிவந்து அதைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். இருங்கள் இருங்கள் என்று சைகை காட்டுவார்கள். அம்மா "தாங்க்யூ" என்பார். கதவைத் திறந்துவிட்டால் தாங்க்யூ, கோட்டை எடுத்துக் கொடுத்தால் தாங்க்யூ. அப்போது அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அந்தச் சொல்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்.

"இஞ்சேருங்கோ, உது இனிக் காணும். நாளைக்குச் சொல்லிப்போட்டு நிப்பாட்டப்போறன்."

"என்னத்தை?"

"அங்கை போறதை. கிழமைக்குக் கிழமை போய்க் குந்தியிருந்து திண்டிட்டு வாறம். வெக்கமாக் கிடக்கு."

"அவை ஏதும் சொன்னவையே?"

"சொன்னால் பரவாயில்லையே."

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவப் போய்விடுவார். அதனால் இந்த விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை. "உம்மடை விருப்பம்" என்றுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் தமிழிலை சொல்லுவன். நீ இங்கிலீசிலை வடிவாச் சொல்லவேணும், என்ன?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் அம்மா எழுந்து நின்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாங்கள் வரேக்கை எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் எல்லாம் தந்தியள். ஒரு வருசமா எங்களைப் பெரிய இடத்து விருந்தாளியள் மாதிரி வைச்சுப் பாத்தியள். அது காணும். இனி நாங்கள் எங்கட பாட்டைப் பாக்கிறம். வாற கிழமையிலை இருந்து வரமாட்டம். குறை நினையாதேங்கோ."

அம்மாவின் குரல் உடைந்தது. மைக் என் கைக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் "இனி வரமாட்டோம்" என்று சொல்லச் சொற்கள் இருந்தன. சொல்லத்தான் எழும்பினேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. மூன்றாவது வரிசையில் எல்சல்வடோர் அன்ரியின் மகன் மேசைப்பந்து மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அம்மாவுக்கு இங்கே நல்ல சந்தோஷம், இனி நாங்களும் உங்கள் ஆட்கள்தான், ஒவ்வொரு ஞாயிறும் வருவோம் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியதில்லை.

என் பொய் ஸ்பானிஷில் போனது. பிறகு லாவோஸ் மொழியில் போனது. ஒவ்வொரு மொழி முடியும்போதும் அந்தப் பக்கத்து வரிசைகள் கைதட்டின. சிலர் அம்மாவின் கண்ணீரைப் பார்த்துத் தாங்களும் கண்ணைத் துடைத்தார்கள். குசினிக்குப் பொறுப்பான பெரிய அன்ரி, ஆறடி உயரமான வெள்ளைக்கார மனுசி, எழுந்துவந்து அம்மாவை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அம்மா அவருடைய நெஞ்சுக்குள் மறைந்துபோய்விட்டார்.

கதிரையில் வந்து இருந்த பிறகு அம்மா என் காதுக்குள் கேட்டார். "நான் அவ்வளவு சொன்னன், நீ ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டாய்?"

"இங்கிலீசிலை அப்பிடித்தானம்மா. சின்னனாத்தான் வரும்."

அவர் சுற்றிவர எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு, "போறம் எண்டு சொல்ல உவை என்னெண்டு இப்பிடிக் கைதட்டினம்? வாய்ச்சொல்லுக்காவது ஒருத்தர் நில்லுங்கோ எண்டு சொல்லேல்லையே" என்றார். முகம் வாடிப்போயிருந்தது.

தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்துக் குசுகுசுத்தாள். "அண்ணா, அம்மா உப்பிடிச் சொல்லேல்லை."

"வாயைப் பொத்து. கீழை சாப்பாட்டிலை தாற என்ரை கேக் உனக்குத்தான்."

"எத்தினை கிழமைக்கு?"

நாலு கிழமை என்று தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வழமைபோலக் கீழேயிருந்து மணி அடித்தது. எங்களைக் காரில் ஏற்றிப்போகும் வயதான மனிதர் வந்து நின்றார். நாங்கள் அவரைக் கார் அங்கிள் என்போம். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஏன்ரா வந்தவர்? போன கிழமை இருந்தவரெல்லே?"

நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மனுசனுக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்டிராது" என்று அம்மாவே ஒரு முடிவுக்கு வந்தார். "இந்தப் பனிக்குள்ளை வயசுபோன மனுசனை வெறுங்காரோடை திருப்பி அனுப்புறதே? எழும்புங்கோ, இண்டைக்கு மட்டும் போட்டு வருவம்."

தங்கச்சி சிரித்தாள். நான் அவளைக் கிள்ளினேன்.

சாப்பாட்டு நேரம் பெரிய அன்ரி அம்மாவைக் கையில் பிடித்துக் குசினி வாசலுக்குக் கூட்டிப்போனார். சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. இந்த மாதம் பாத்திரம் கழுவும் ஆட்கள். எல்சல்வடோர் அன்ரியின் பெயருக்குக் கீழே புதிய மையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. பெரிய அன்ரி ஒரு ஏப்ரனை எடுத்து அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டு ஏதோ சொன்னார். இப்போது நீங்களும் எங்களில் ஒருவர்தானே, எங்களோடு வேலைக்கு வாருங்கள் என்பது அதன் கருத்து.

"என்னவாம்?" என்றார் அம்மா.

முதல் பாதியை விழுங்கிவிட்டு, "பாத்திரம் கழுவ வரட்டாம்" என்றேன்.

முடிந்தது என்று நினைத்தேன். இன்னொருவர் வீட்டு எச்சில் பீங்கானைக் கழுவு என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், எல்லாம் வெளியில் வரும் என்று நினைத்தேன். அம்மா பட்டியலில் விரலை வைத்தார். தன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அவருக்குத் தெரியும், எத்தனையோ விண்ணப்பப் பாரங்களில் பார்த்திருக்கிறார்.

"இது என்ரை பேரெல்லே?"

"ஓம்."

அம்மா சுவெட்டர் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மாவின் குரல் கேட்டது. பந்தைக் கையில் பிடித்தபடி ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பெரிய அன்ரியின் முறை, தொட்டியில் சவர்க்காரத் தண்ணீரை நிரப்பி, பீங்கானை அதில் தேய்த்து எடுத்து, நுரையோடேயே துணியால் துடைத்து அடுக்குவது. நல்ல தண்ணீரில் அலசுவதில்லை. தண்ணீரை வீணாக்குவது அவர்களுக்குப் பாவம் மாதிரி. அம்மா அவருடைய கையிலிருந்த பீங்கானைப் பிடுங்கி எடுத்திருந்தார்.

"இதென்ன கழுவல்? நுரையோடை துடைச்சு வைச்சால் ஆர் திங்கிறது? வயித்தாலை போகாதே? இவ்வளவு வளந்தும் உமக்கு இது தெரியாதே?"

பெரிய அன்ரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். சோப்பு நல்ல வாசமாம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அம்மா பைப்பை முழுதாகத் திறந்து பீங்கானை அலசிக் காட்டினார். பெரிய அன்ரி பைப்பை நூலளவுக்குக் குறைத்தார். அம்மா திறந்தார். அவர் குறைத்தார். அவர் இங்கிலீஷில் ஏதோ சத்தம்போட, அம்மா தமிழில் அதைவிடச் சத்தம்போட, எல்சல்வடோர் அன்ரி சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். கடைசியில் பைப் அரைவாசியில் நின்றது. அம்மா அலச, பெரிய அன்ரி துடைக்க, அன்றைய பீங்கான்கள் முடிந்தன. என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

காரிலும் அம்மா ஓயவில்லை. பின்னேரம் அப்பா வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அப்பா தன் வெடித்துப்போன கையைப் பார்த்துக்கொண்டே, "நான் சம்பளத்துக்குக் கழுவுறன். நீர் சும்மா கழுவுறீர். கெட்டிக்காரிதான்" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அந்த மனுசிக்கு ஒரு அறுப்பும் தெரியாது."

நான் மெல்லக் கேட்டேன். "அப்ப வாற கிழமை போறேல்லையாம்மா?"

"விசரே உனக்கு? நான் போகாட்டில் அவ்வளவு பீங்கானும் நுரையோடை அலுமாரிக்குள்ளை ஏறிவிடும்."

என் பொய் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் அதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. தங்கச்சியும் சொல்லவில்லை. "போறம் எண்டு மைக்கிலை சொல்லியும் விடாத சனம்" என்று அம்மா இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் இருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த அந்த ஒரு வருடத்தில், வீட்டுக்கு வெளியே யாரிடமும் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களைத் திட்டுகிற அதே குரலில், கிட்டத்தட்ட அதே சொற்களில், வெளி ஆள் ஒருவரை அவர் திட்டியது அன்றுதான் முதல்தடவை. திரும்பி வரும்போது நான் காரின் பின்சீற்றில் ஒடுங்கிப்போய் இருந்தேன். வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே பயம்தான்: அம்மா பேசியது பெரிய அன்ரிக்கு விளங்கியிருந்தால், இனி வராதீர்கள் என்றுவிடுவாரோ?