இரவல் போன ஸ்ட்ரைக்கர்

இன்று எங்கள் வில்லரேப் பகுதியில் பால் வாங்கப் போன டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், மேசைக்குப் பின்னால் ஜெராட் அண்ணை நின்றார். இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளில் பத்து வருடம் உதைபந்தாட்டம் ஆடிய எங்கள் ஊர் ஸ்ட்ரைக்கர்.

“எத்தினை கிளப்புக்கு விளையாடினீங்கள், அண்ணை?”

“ஒன்பது. அதிலை ஒண்டுதான் என்ரை கிளப். மிச்சம் எட்டும் இரவல்.”

எனக்கு விளங்கவில்லை. தங்களுக்குத் தேவைப்படாத ஆட்டக்காரனை வேறு கிளப்புக்குக் கொஞ்ச நாள் கொடுத்துவிடுவார்களாம். அங்கே அதை லோன் என்பார்கள். இவர் இரவல் என்கிறார், நாங்கள் ஏணிக்கும் குடைக்கும் சொல்வதுபோல.

“கோல் அடிச்சால்?”

“அடிச்சால் இன்னும் ரெண்டு மாசம் வைச்சிருப்பினம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இரவல் குடுத்த குடையைக்கூடச் சனம் திருப்பிக் கேக்கும், தம்பி. கடைசி முறை என்ரை கிளப் என்னைக் கேக்கவே இல்லை.”

பாலை என் பக்கம் தள்ளினார். “மெர்சி” என்று நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு வருடமாக ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. இதை வாசிக்கிற எங்கள் மின்னஞ்சல் குழுவில் யாரோ இரவல் தந்தது, யாரென்று தெரியாது.

தயவுசெய்து திருப்பிக் கேளுங்கள்.