சந்தியைத் தாண்டும் வரை

ஹெரோயின் வழக்கில் மூன்றாம் தடவை சிறைக்குப் போய் வந்த கொலின்ஸ், மீன் தரம் பிரிக்கும் கொட்டிலான மீன்வாடிக்கு வேலைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்டான். பழைய பாதையில், சந்திக் கடையடியில், அவனுக்குத் தூள் விற்றவன் நிற்பான். முன்பு இரண்டு தடவையும் சிறையிருந்து, சிகிச்சையும் முடித்து வந்தவனை அந்தச் சந்திதான் விழுத்தியது. அதனால் இப்போது கடலோரக் களப்பில் வள்ளம் வலித்துச் சுற்றிப் போனான்.

காற்று பலத்த அன்று வள்ளம் இறக்க முடியவில்லை. பழைய பாதையால் போகச் சைக்கிளை எடுத்தவன் வாசலிலேயே காலூன்றி நிற்பதை மனைவி யூலியானா கண்டாள். வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

சந்தியில் தூள்காரன் கையைக் காட்டினான். "கொலின்ஸ், நில்லடா, ஒரு கதை."

சைக்கிள் மெதுவானது. யூலியானா அவனுடைய சட்டையை இறுகப் பிடித்தாள்.

"யூலி, நிண்டிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு."

"நிக்காதேங்கோ. உழக்குங்கோ."

அவன் பெடலை மிதித்து உழக்கினான். வாடியடியில் இறங்கியதும், "நாளைக்கும் வருவியோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள். காற்று அடங்குவதாக இல்லை.