சத்தியவேடு பஸ்ஸில் சுகுணா அக்கா

சென்ற புதன்கிழமை காலை திருமலை அடிவாரத்து அலிபிரியில் டீ வாங்கிக்கொண்டு நின்றபோது சுகுணா அக்காவின் மகனிடமிருந்து போன் வந்தது. “மாமா, அம்மா பூட்டாங்க” என்றான். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த டீயைக் குடித்தேனா கொட்டினேனா என்று நினைவில்லை.

திருப்பதியில் எங்கள் எஃப்.எம். நிலையத்தின் காலை அரை மணி நேரத் தமிழ்ப் பாடல் நிகழ்ச்சியைக் கேட்பவர்களுக்கு என் குரல் தெரியும். அக்காவைத் தெரியாது. நேயர்களின் போனை எடுத்து, பாட்டு வரிசையைப் போட்டுத் தந்தவர் அவர். அவரோடு வேலை செய்த எங்களுக்கு அவர் வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பாட்டுக்குப் பதினைந்து பெயர்களாவது சொல்லி விருப்பம் கேட்பது ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் தமிழ்க் கிராமங்களின் வழக்கம். நான்கு பெயர் படித்தால் போதாதா என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். “பாட்டு செல்லுல எப்ப வேணா கெடைக்கும். அதுங்க பேரு நம்மகிட்ட மட்டுந்தான் வரும். பேசாம படி” என்றார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் படிக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நேயர் கணக்கெடுப்பு நடந்தது. போன் செய்து தெலுங்கில் கேட்டார்கள். தமிழ் நிகழ்ச்சியைக் கேட்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று முடிவு வந்தது. அந்த அரை மணியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரே வரிசை போடும் தெலுங்கு ஹிட் பாடல்களை வைத்துவிடலாம் என்றார் மேனேஜர். அதோடு என் வேலையும் போகும். மீட்டிங்கில் நான் வாயே திறக்கவில்லை. நிகழ்ச்சியை யாரும் கேட்பதில்லை என்று நானே நம்பிவிட்டேன்.

அக்கா வெளியே வந்து என்னைத் திட்டினார். “ஆபீஸ்காரன் தெலுகுல கேட்டா நம்ம ஜனம் தெலுகுன்னு தான சொல்லும்? சொல்லிட்டு நம்ம பாட்டத்தான் கேட்டுக்கினு கீது. இது கூடவா உனக்குத் தெரில?” பிறகு மேனேஜரிடம் போய், ஒருநாள் தன்னோடு பஸ்ஸில் வரும்படி தெலுங்கில் கேட்டுக்கொண்டார்.

சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் அது. நான் ஸ்டுடியோவில் இருந்தேன். நடந்ததை மேனேஜர்தான் பிற்பாடு சொன்னார். ரேடியோவில் நிகழ்ச்சி தொடங்கியதும் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டதாம். “அண்ணே, கொஞ்சம் சவுண்டு வெய்யி” என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள் ஒரு பெண். தமிழ்ப் பாட்டு ஓடும்போதே மேனேஜர் அவளிடம், ரேடியோவில் என்ன கேட்பாய் என்று தெலுங்கில் விசாரித்தார். அவள் எழுந்து நின்று மரியாதையாக, “தெலுகு பாட்டலு சார்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். நிகழ்ச்சி பிழைத்தது. என் வீட்டில் இன்றும் அடுப்பெரிவது அக்காவால்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. சனிக்கிழமை நிகழ்ச்சி முன்கூட்டியே பதிவாகிவிடுவதால், மாதம் ஒருமுறையாவது டிரைவரிடம் கேட்டுக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறி, மற்றவர்களிடம் யாரென்று சொல்லாமல் உட்கார்ந்து கேட்கிறேன். அக்கா போன பிறகு வந்த சனிக்கிழமையும் ஏறினேன். ரேடியோவில் என் குரல் வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: “பாட்டுலாம் நல்லாத்தான் கீது. இந்த ஆளுதான் ரொம்ப பேசறான்.”

ஆபீஸ் போனதும் முதலில் இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று, பஸ்ஸை விட்டு இறங்கும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.