மருதவீரன் மறித்த தண்ணீர்

பொல்கொல்லை அணைக்கட்டில் மகாவலித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, வடக்கே காய்ந்து கிடக்கும் வயல்களைத் தேடிப் போகிறது. சுரங்க வாயிலுள்ள இரும்புக் கிராதியில் சிக்கும் செடிகொடி, போத்தல், சாமிக்கென்று ஆற்றில் விட்ட தேங்காய் எல்லாவற்றையும் வாரி எடுப்பது மருதவீரனின் வேலை. "நான் ஒருநாள் படுத்தேன்னா அங்க சோறு வேகாது" என்பார். வாய்க்கொழுப்பு என்று சொல்ல முடியாது. பதினெட்டு வருடங்களில் அவர் படுத்ததே இல்லை.

அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கான் என்கிற வடிகால் வெட்டியவர். வேரில் தண்ணீர் நின்றால் தேயிலை செத்துப்போகும். கான் வெட்டி வடித்துவிட வேண்டும்.

போன மாதம், அந்தத் தண்ணீர் போய்ப் பாயும் கலேவெலயில் வயல் செய்யும் சிநேகிதர் பஹீமைப் பார்க்க முதன்முறையாகப் போனார். இளம் நாற்றுகள் கணுக்கால் தண்ணீரில் நின்றன.

"பாவி மனுசன், பயிரை மூழ்கடிச்சிட்டானே!" என்று கத்திக்கொண்டே, வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டித் திறந்துவிட்டார் மருதவீரன்.

"யா அல்லாஹ்! என்ன அண்ணன் செய்றீங்க? நெல்லுக்குத் தண்ணி நிக்கத்தான் வேணும்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் பஹீம்.

மருதவீரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த கணம், உடுத்திப் போன நல்ல காற்சட்டையோடு உடைப்பில் உட்கார்ந்து, பாயும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்தார்.

"பதினெட்டு வருசமா இந்தத் தண்ணிக்கு வழி விட்டவன் நான். இன்னைக்குத்தான் மறிக்கிறேன். சும்மா பாத்துக்கிட்டு நிக்காம மண்ணைப் போடுங்க!"