கோவளத்தில் தெரிந்தவர் வீடு

கோவளத்துக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் என்னைத்தான் கேட்பார்கள். சிட்லபாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலும் அப்படித்தான். வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "இந்த சண்டே கோவளம் போறோம், நல்ல மீன் எங்க கிடைக்கும்?" என்று கேட்டால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். "மூணாவது மாடி டீச்சரைக் கேளுங்க" என்று ஒரு வரி வந்து விழும். நானும் திருத்துகிற பேப்பரை அப்படியே போட்டுவிட்டுத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுவேன்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குப் படகுக்காரர்கள் பலர் மாதா கோயில் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். ஐஸில் கிடந்த மீனைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள். சனிக்கிழமை காலையில் போங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போங்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் மாட்டிக்கொண்டால் படகு கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, பூனையெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கும். வஞ்சிரம், வஞ்சிரம் என்று உயிரை விடாதீர்கள். சங்கராவும் பாறையும் கொடுவாவும் மீன் இல்லையா? செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கிறதா என்று. வெட்டச் சொல்லிவிட்டு அப்புறம் பேரம் பேசாதீர்கள். மணலில் விரித்திருக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். படகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் சோறு. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இறங்கித்தான் தீருவேன் என்கிற ஆளுக்கு என்னிடம் யோசனை கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எப்படி டீச்சர் இவ்ளோ டீடெயிலா தெரியும் உங்களுக்கு?"

"அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

தெரிந்தவர்கள் என்று நான் சொன்னது என் கூடப்பிறந்த அண்ணனையும் அண்ணியையும். நான் பிறந்து வளர்ந்த வீட்டை.

இந்தப் பொய்யை நான் உட்கார்ந்து யோசித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள், "கேளம்பாக்கம் பக்கம்" என்றேன். அது பொய்யும் இல்லை. பிறகு ஒரு நாள் மதியம் என் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "யாருப்பா அது, குப்பத்தையே இங்க கொண்டுவந்து கொட்டினது?" என்று ஒரு சக ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண்தான், வேண்டுமென்று சொன்னவள் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போது சொல்வது சுலபம். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டுபோவதை விட்டேன், ஊர்ப் பேச்சு வந்தால் நழுவக் கற்றுக்கொண்டேன்.

அண்ணி வீட்டில் சமைத்துப் போட ஆரம்பித்ததும் என்னால்தான். வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று ஒரு குடும்பம் கேட்டது. தெரிந்தவர் ஒருவர் செய்து தருவார் என்று எண்ணைக் கொடுத்தேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு கூட்டமாவது போனது. அண்ணிக்கு வருமானம் ஆச்சே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போனவர்கள் திரும்பி வந்து, "டீச்சர், அந்தம்மா கைப்பக்குவம் இருக்கே!" என்று புகழும்போது உள்ளே குளிரும். என் அண்ணி என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். வாயோடு நின்றுவிடும்.

அண்ணி என்னை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனில் பேசும்போது மட்டும், "நேத்து உங்க ஆளுங்க வந்தாங்கோ பாப்பா. 'டீச்சர் அனுப்பினாங்க'ன்னாங்கோ. சரின்னு வுட்டுட்டேன்" என்பாள். பாப்பா என்பது நான்தான். அண்ணி கல்யாணமாகி வந்தபோது நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, இன்னும் பாப்பாதான்.

போன வருஷம் ஓர் இரண்டாம் சனிக்கிழமைக்கு ஆசிரியர் அறையே கிளம்பியது. என்னையும் வரச் சொன்னார்கள். தலைவலி, உறவினர் வீட்டு விசேஷம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "டீச்சர் இல்லாம எங்களுக்கு யாரு காட்டுவாங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, ஸ்கூல்லேர்ந்து வராங்க. நானும் கூட வரேன். அதான்... கொஞ்சம்..."

கொஞ்சம் என்ன என்று நான் சொல்லவில்லை. "புரியுது பாப்பா. நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காத" என்றாள் அண்ணி. என்ன புரிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நிம்மதியாகப் போனை வைத்தேன்.

வாசலிலேயே, "வாங்க டீச்சர், வாங்க சார், உள்ள வாங்க" என்று கும்பிட்டு வரவேற்றாள் அண்ணி. நல்ல புடவை கட்டியிருந்தாள். நானும் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் அண்ணியைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பப் படம் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். அண்ணன், அண்ணி, நடுவில் பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியோடு நான். படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. நான் கேட்காததைக்கூட அண்ணி யோசித்துச் செய்திருந்தாள்.

அண்ணன் வெளியே தென்னை நிழலில் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை. என்னோடு வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. "சூப்பர், ரியல் ஃபிஷர்மேன்! அண்ணா, உங்க கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். போனை என் கையில் கொடுத்தார்கள்.

"டீச்சர், நீங்க எடுங்க."

அண்ணன் வலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். முதல் படம் சரியாக வரவில்லை, இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

பிறகு சாப்பாடு. இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழம்பில் பெரிய மீன் போட்டால் தலை வீட்டுப் பெண்ணுக்கு. மகனுக்கு இல்லை, விருந்தாளிக்கு இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வந்திருந்தால் அவளுக்கு, வராவிட்டால்தான் மற்றவர்களுக்கு. அப்பா காலத்திலிருந்து அப்படி. நான் போகிற நாளெல்லாம், வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது, தட்டில் சோறு விழும், மேலே தலை விழும். கன்னத்துச் சதையை முதலில் பிய்த்துத் தின்றுவிட்டு எலும்பை உறிஞ்சி முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டேன்.

அன்றைக்குக் கொடுவா. அண்ணி வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். டீச்சர், சார் என்று நாடகம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. என் இலைக்கு வந்தபோது கை பழக்கத்தில் போய்விட்டது. கரண்டியில் தலையை அள்ளி என் இலைக்கு மேலே கொண்டுவந்தாள்.

பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். "அய்யோ டீச்சர், தலை! கண்ணு முறைக்குது! இதெல்லாம் சாப்பிடுவீங்களா நீங்க?"

எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள். நான் கையைக் குறுக்கே நீட்டி இலையை மறைத்தேன்.

"வேணாங்க, எனக்குத் தலை பழக்கமில்ல."

இதைத்தான் சொன்னேன். அண்ணியைப் பார்த்து, 'ங்க' போட்டுச் சொன்னேன். கரண்டி அப்படியே ஒரு நொடி நின்றது. "சாரி டீச்சர், தெரியாம வெச்சிட்டேன்" என்று தலையைச் சட்டியில் திரும்பப் போட்டுவிட்டு, நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள் அண்ணி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலை. அந்த நடுத்துண்டை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். கேளம்பாக்கம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தேன்.

குழுவில் படம் வந்தது. அண்ணன் நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே எல்லோரும் இதயம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்களோ என்கிற பயம். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதன்பின் பல நாள் அண்ணிக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது? மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று கேட்பாள். எதற்கு என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். அண்ணியும் செய்யவில்லை. கடைசியில் ஒரு லோக்கல் விடுமுறை நாளில் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தாம்பரத்துக்கு வந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அண்ணி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிடப்போறேன். இது என் பொறந்த வீடுன்னு சொல்லிடப்போறேன். இத்தனை வயதுக்கு மேல் இதற்கு ஒத்திகை வேண்டியிருந்தது.

அண்ணி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

"கூட யாருனா வந்துகீறாங்களா?"

"யாரும் இல்ல அண்ணி. நான் மட்டும்தான்."

"அப்டியா. வா பாப்பா, வா. இன்னா திடீர்னு? வெயில்ல நிக்காத, உள்ள வா."

உள்ளே படம் ஆணியில் திரும்ப மாட்டியிருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்கள். ஒத்திகை பார்த்ததில் பாதியையாவது சொன்னேன். அழுதுவிட்டேன். "அடச்சீ, இதுக்குப் போயி அழுவறியா? உனக்கு அங்க மரியாதையா இருந்தா எங்களுக்கும் சந்தோசம்தானே" என்று அண்ணி என் முதுகைத் தட்டினாள். அதில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லு, சொல்லாங்காட்டி போ. மொதல்ல சாப்புடு" என்றாள்.

அண்ணனும் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்குப் பாறை மீன். தட்டில் சோறு போட்டு, சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்து, கரண்டியை உள்ளே விட்டாள் அண்ணி. தலை கரண்டியில் ஏறிவிட்டது, எனக்குத் தெரிந்தது. கரண்டி மேலே வரவில்லை. சட்டிக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தலை வெக்கட்டா பாப்பா?" என்றாள்.

அந்த வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.