பல் டாக்டரின் கடல்

பல் டாக்டர் எக்ஸ்ரேயில் தெரிவதை மட்டும் நம்பி வாழ்ந்தவர். அவர் மனைவி ஒருநாள் சிற்பக் கண்காட்சிக்குப் போய்விட்டு, இரண்டு ஆட்கள் சுமக்க ஒரு வெள்ளைக் கல்லோடு திரும்பினார். வழவழப்பான கல். அடியில் அகலம், மேலே ஒரே வளைவு, உச்சியில் லேசான பள்ளம். அவ்வளவுதான்.

"என்ன இது?" என்றார் டாக்டர்.

"கடல்ங்க."

டாக்டர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தண்ணியே காணோமே."

"எல்லாத்தையும் செதுக்கி வச்சிட்டா பாக்குறவங்களுக்கு என்ன வேலை? உங்க பேஷண்டுங்க வெறும் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்குத்தான்."

கல் கிளினிக்கின் காத்திருப்பு அறைக்குப் போனது. பல் டாக்டரின் கிளினிக்கில் உச்சியில் பள்ளத்தோடு ஒரு வெள்ளைக் கல் நின்றால் வருகிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்? தையல்காரர் ஒருவர், "சொத்தையே இல்லாம அழகா பண்ணியிருக்காங்க" என்று பாராட்டினார். இன்னொருவர் வேர் எங்கே என்று குனிந்து தேடினார். முதலில் எல்லோரிடமும் "அது கடல்" என்று விளக்கிய டாக்டர், பிறகு அலுத்துப்போய், "ஆமா, கடைவாய்ப் பல்" என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்.

இந்த நிலையில் அவருக்கே பல்வலி வந்தது. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியவர், தன் வாயில் மட்டும் கிராம்பை அடக்கி நாளைக் கடத்தினார். கன்னம் பன் போல வீங்கிய பிறகுதான் கூடப் படித்த நண்பரை வரவழைத்தார். நண்பர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, "நான் எல்லாம் எடுத்து வைக்கிறேன், நீ கொஞ்சம் வெளியில உக்காருடா" என்றார்.

தன் காத்திருப்பு அறையில் டாக்டர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தாழ்ந்த நாற்காலியிலிருந்து பார்த்தபோது அது வேறு கல்லாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் வளைவில் வழுக்கியபடி மேலேறியது. எழும்பிய அலை ஒன்று, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பது போலிருந்தது. அது கரையில் மோதும் சத்தத்துக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வலி பறந்துபோனது. கல்லாலா, ஊசியாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நண்பர் வந்து கூப்பிட்டும் அவர் அசையவில்லை. கல்லைக் காட்டி, "கதல்" என்றார். மரத்த நாக்கு அதற்குமேல் ஒத்துழைக்கவில்லை.

"காதலா? இந்த வயசுலயா? யாருடா?"

சரியாக அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தார். டாக்டர் பதறிப்போய் ஒரு சீட்டில் விளக்கம் எழுதிக் காட்டினார். டாக்டர் கையெழுத்து, இருவருக்கும் புரியவில்லை. பல்லைப் பிடுங்கி, நாக்கு வழிக்கு வரும்வரை வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் மதியம் கிளினிக்கைச் சாத்தியதும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இந்த அலை விழட்டும், வந்துர்றேன்" என்கிறார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.