வீடியோ கேம் பெட்டிக்குக் காற்று வேண்டும்

வீடியோ கேம் மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு எதிரிகள் இரண்டே பேர்: ஒன்று சூடு, மற்றொன்று அந்தச் சூட்டுக்குக் கைவைத்தியம் தெரிந்த கடைக்காரர். ஃப்ரிட்ஜ், ரேடியோ, லோரி எஞ்சின் என்று எதைப் பழுது பார்த்து வயிறு வளர்த்தவராக இருந்தாலும் சரி, நீங்களும் என் இனம்தான். கூட உட்கார்ந்து கொஞ்சம் பல்லைக் கடியுங்கள்.

எண்பதுகளின் முதல் பாதியில் ஈப்போவில் ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். கடை கடையாக வீடியோ கேம் பெட்டிகளை வைப்பதும், அவை நின்றுபோனால் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்ப்பதும் வேலை. ஆள் உயரப் பெட்டி. உள்ளே படத்தை வரைவதற்கென்றே ஒரு போர்டு இருக்கும். கடை திறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பதால் அது கொதிக்கும். கொதித்தால் திரையில் கோடு கோடாக விழும், பறக்கிற விமானம் இரண்டாகப் பிளக்கும், கடைசியில் எல்லாம் அசையாமல் நின்றுவிடும். அப்படி ஆகக் கூடாது என்றுதான் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தார்கள். அந்த ஃபேனுக்குக் காற்று வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். மூன்று வருஷம் தொண்டை வறளச் சொன்னேன், ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

இதில் என் பிழைப்புக்கே உலை வைத்தது ஒரு ஃபாரம். நான் சரிசெய்த மெஷின் ஒரு மாதத்துக்குள் மறுபடி நின்றால் அதற்குப் பெயர் ‘ரிப்பீட்’. மூன்று ரிப்பீட் ஆனால் மெக்கானிக் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தப்பு கடைக்காரருடையது என்றால் என் தலையில் விழாது. ஆனால் அதைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் கம்பெனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எந்தக் கடைக்காரர் போடுவார்? இந்தச் சட்டத்தை எழுதியவர் கையில் கிடைத்திருந்தால் அவரையே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன்.

லகாட்டில் ஒரு சுவர்

லகாட்டில் மாணிக்கம் அண்ணன் ஒட்டுக்கடை, அதாவது தகரம் அடித்த சின்னச் சாப்பாட்டுக் கடை, வைத்திருந்தார். அங்கே ஒரு பெட்டி. முதல் முறை நின்றபோது ஃபேனைத் துடைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடும் போட்டுக் கொடுத்தேன். இந்தக் கோட்டைத் தாண்டிப் பெட்டி பின்னால் போகக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் மூன்று தடவை தலையாட்டினார்.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கோட்டைத் துடைப்பம் தின்றுவிட்டது. இன்னும் ஒரு மேசை போடவேண்டும் என்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார். சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை, தகரம். அதற்கு அந்தப் பக்கம் தோசை அடுப்பு. தகரத்தில் கை வைத்தேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கொப்புளம் இரண்டு நாள் இருந்தது. எரிந்த கையோடு ஃபாரத்தை நீட்டினேன். அவர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்து, அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு, மெஷின் இந்தப் பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுலதான் செவுரு இருக்குலா.”

சிம்பாங் பூலாயில் ஒரு வைத்தியம்

சிம்பாங் பூலாயில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர் ஆ செங், ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஆட்களோடு பழகிப் பழகி என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நல்ல மனிதர். அவரிடம் நான் செய்த ஒரே தப்பு, முதல் தடவை சரிசெய்து கொடுத்தபோது மெஷினைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. காற்றோட்டமாக வையுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். இந்தத் தொழிலில் ஒரு வார்த்தை தவறினாலும் அதற்கு வட்டி கட்டியே தீரவேண்டும்.

மூன்றாம் வாரம் மெஷின் செத்துப்போனது. பின்கதவைத் திறந்தேன். போர்டுக்கு மேலே, கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பாதி தண்ணீர். தினமும் காலையில் ஐஸ் பெட்டியிலிருந்து கட்டி எடுத்து நிரப்பித் தொங்கவிட்டிருக்கிறார். பை வியர்த்து, சொட்டுச் சொட்டாகப் போர்டின் மேல் விழுந்து, செம்புக் கம்பிகள் எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. நான் கத்திய கத்தல் எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. போர்டுக்குள் யாராவது தண்ணீர் விடுவார்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. எனக்கு ஒரு சோடாவை உடைத்து நீட்டியபடி சொன்னார்:

“தண்ணி நான் ஊத்தவே இல்லைலா. ஐஸ்தான் வெச்சேன்.”

ஃபைல் இருக்கும் மேசை

எங்கள் சூப்பர்வைசர் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். வெள்ளைச் சட்டை கசங்காது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திருப்பிக் கத்துகிறவரிடம் சண்டை போடலாம், இவரிடம் என்ன செய்வது?

தகரச் சுவரைப் பற்றிச் சொன்னேன், ஐஸ் பையைப் பற்றிச் சொன்னேன், கொப்புளத்தைக் காட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னோடு வந்து ஒரு கடையைப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். அவர் மேசையில் ஒரு ஃபேன் அவருக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, மெசின் வந்து என்னோட கதைக்காது. ஃபைல்தான் கதைக்கும். இதில உம்மட பேர் ரெண்டு தரம் கிடக்கு.”

செமோரில் வெள்ளிக்கிழமை

செமோர் லெட்சுமி அக்கா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, வீட்டு முன்புறத்திலேயே பலகாரக் கடை போட்டுக்கொண்டார். பெட்டி வந்த பிறகு கடையில் கூட்டம் நின்றது. நான் பார்த்த கடைக்காரர்களிலேயே சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான். சுவரிலிருந்து தள்ளி வை என்றால் வைத்தார். ஃபேனில் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதோ அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் புகைதான் என்று முடிவு கட்டி, வாழைப்பழம் பொரிக்கிற அடுப்பை வெளியே மாற்றச் சொன்னேன். அன்றைக்கே மாற்றினார், மழையில் குடை பிடித்துக்கொண்டு பொரித்தார். அப்படியும் மூன்றே வாரத்தில் மெஷின் நின்றது. அதுதான் மூன்றாவது ரிப்பீட்.

அவரிடமிருந்து போன் வருவது எப்போதும் சனிக்கிழமைதான் என்று அப்போதுதான் உறைத்தது. போர்டைச் சுத்தம் செய்து ஓடவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அக்கா தலைக்குக் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, தூபக்காலில் நெருப்புப் போட்டுச் சாம்பிராணி தூவினார். படத்துக்குக் காட்டினார், அடுப்புக்குக் காட்டினார். பிறகு பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, ஃபேனுக்கு நேராகப் பிடித்தார். சும்மா ஒரு சுற்று இல்லை, நிதானமாக, மனம் நிறையும் வரை. ஃபேன் ஒரு பொட்டுப் புகையையும் விடாமல் உள்ளே இழுத்தது. காசு போடும் துளை வழியாகப் புகை வெளியே வந்தது.

எனக்குக் கண் சிவந்துவிட்டது. பலகாரம் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன். போர்டு சாவது இதனால்தான், என் வேலை போகப்போவதும் இதனால்தான், இப்படிச் செய்யச் சொன்னது எந்த மடையன் என்று கேட்டேன். அக்கா தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“நீங்கதான் தம்பி சொன்னீங்க. முன்னால காட்டுனா கண்ணாடி கறுத்துடும், பின்னால ஃபேன்கிட்ட காட்டுங்கக்கா, உள்ள வரைக்கும் போவும்னு.”

கையெழுத்து

சொன்னேன். நான்தான் சொன்னேன். பெட்டியை இறக்கிய முதல் நாள், சந்தனமும் பொட்டும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாம்பிராணி காட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். நான் வளர்ந்த தோட்டத்தில் டிராக்டருக்கும் ரப்பர் ஷீட் பிழியும் மெஷினுக்கும் அப்படித்தான். அது இல்லாமல் எந்த மெஷினிலும் என் கை போகாது. ஒரு நாளைக்குச் சொன்னதை அக்கா எல்லா வெள்ளிக்கிழமைக்கும் எடுத்துக்கொண்டார். மூன்று வருஷமாக யார் யார் மேலோ பட்ட கோபம் மொத்தமும் அந்த இடத்தில் திரும்பி என் மேலேயே விழுந்தது.

ஃபாரத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கடைக்காரர் தவறு என்று எழுதினால் என் வேலை பிழைக்கும், பெட்டி போய்விடும். இது அக்காவுக்கும் தெரியும், முன்பே சொல்லியிருந்தேன். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எழுதிவிட்டே வந்திருப்பேன். அவரோ ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டார்.

“எழுதுங்க தம்பி, நான் போடறேன். பெட்டி இல்லாட்டியும் என் பலகாரம் விக்கும். நீங்க எங்க போவீங்க?”

மூன்று வருஷத்தில் கையெழுத்துப் போட வந்த ஒரே ஆள். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. பேனாவைக் கொடுக்கவில்லை. ‘மெக்கானிக் சொன்ன தவறான யோசனை’ என்று எழுதி, கீழே என் பெயரையே போட்டேன்.

மறுநாள் தில்லையம்பலம் அதை இரண்டு முறை படித்தார். சாம்பிராணி ஃபேனில் எப்படிப் படியும், காற்றுப் போகிற ஓட்டைகள் எப்படி அடைபடும், எத்தனை நாளில் சூடேறும் என்று நுணுக்கமாகக் கேட்டார். முதல் முறையாக ஃபைலைவிட்டு மெஷினைப் பற்றிப் பேசுகிறாரே, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்:

“திங்களில இருந்து நீர் வரவேண்டாம் தம்பி. நல்ல கடிதம் ஒண்டு எழுதி வைக்கிறன், வெள்ளிக்கிழமை வீட்ட வந்து எடும். அப்பிடியே எங்கட டிவியையும் ஒருக்காப் பாரும். அதுவும் சூடேறி நிண்டு நிண்டு போகுது.”

போனேன், திறந்தேன், அதே பழுப்புப் பிசினைச் சுரண்டி எடுத்து ஓடவிட்டேன்; படம் பளிச்சென்று வந்ததும் அவர் மனைவி சந்தோஷமாக உள்ளே போய்ச் சாம்பிராணித் தட்டோடு நேராக டிவிக்குப் பின்னால் போனார், நானோ வேலையில் இல்லாதவன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.